கடைமடை சிலிண்டர்கள்

2006இல் வந்த ‘கார்ஸ்’ படத்தில் டாக் ஹட்சன் என்று ஒரு வயசான நீலக் கார் வரும். யாரோடும் ஒட்டாது, தன் பழைய கதையைச் சொல்லாது. அது கற்பனைக் கார் இல்லை. 1951இல் அமெரிக்காவில் வெளிவந்த ஹட்சன் ஹார்னெட்டின் உருவம்தான் அது. 1952ஆம் வருஷத்து நாஸ்கார் பந்தயங்கள் மொத்தம் 34. அதில் 27ஐ ஹட்சன் வென்றது. எதிரே நின்ற வண்டிகள் புத்தம்புது வி-8 எஞ்சின் வைத்தவை. ஹட்சனிடம் இருந்ததோ ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கிற, வால்வுகள் பக்கவாட்டில் இருக்கிற, அந்தக் காலத்துக்கே பழசாகிப்போன ஒரு எஞ்சின். அந்தக் கம்பெனி அந்தப் பழைய எஞ்சினின் தலைமேல் ஒன்றுக்கு இரண்டாக கார்புரேட்டர் வைத்து, அதற்கு ‘ட்வின் ஹெச் பவர்’ என்று பெயரும் வைத்தது.

எதுக்கு ரெண்டு? கூட ஒரு கார்புரேட்டர் இருந்தால் கூட கொஞ்சம் பெட்ரோல் போகும், கூட வேகம் வரும் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படுகிற பதில். அது பாதி உண்மை. மீதிப் பாதிதான் எனக்குச் சுவாரசியம். அதற்கு டெட்ராய்ட் வரை போக வேண்டியதில்லை, கோரிப்பாளையம் போதும்.

*

முதலில் கார்புரேட்டர் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். திரவமாக இருக்கிற பெட்ரோல் எஞ்சினுக்குள் ஒழுங்காக எரியாது. காற்றோடு கலந்த புகைமூட்டமாக மாறினால்தான் எரியும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக்கணக்கில் சுமார் 15 பங்கு காற்று. கொசு மருந்து அடிக்கிற பழைய ஃப்ளிட் பம்பு வீட்டில் இருந்திருந்தால் அதை நினைத்துக்கொள்ளுங்கள். காற்று வேகமாகப் போகிற இடத்தில் அழுத்தம் குறைகிறது, கீழே இருக்கிற திரவம் தானாக மேலேறித் தூவலாகிறது. கார்புரேட்டரில் அந்த இடம் ஒரு குறுகின தொண்டை. தொண்டையின் நடுவில் ஊசித்துளை மாதிரி ஒரு ஜெட். பக்கத்தில் மிதவை போட்ட சின்னத் தொட்டி. கீழே பட்டாம்பூச்சி மாதிரித் திரும்புகிற ஒரு தகடு, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் திறப்பது அதுதான். 1893இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக் இந்தத் தூவல் முறையைச் செய்தார். அதே வருஷம் ஹங்கேரியில் டோனாட் பாங்கியும் யானோஷ் சோங்காவும் செய்தார்கள். அதற்குப் பிறகு பல பத்து வருஷம் உலகத்து பெட்ரோல் வண்டிகளில் பெரும்பாலானவை இந்தத் தொண்டை வழியாகத்தான் மூச்சு விட்டன.

நாலு சிலிண்டர் எஞ்சினில் நடுவில் ஒரு கார்புரேட்டர் வைத்தால் போதும். எல்லாச் சிலிண்டரும் கைக்கெட்டும் தூரம். ஆறு சிலிண்டரை வரிசையாக நிறுத்தும்போதுதான் சங்கடம். கார்புரேட்டர் மூன்றாவது சிலிண்டருக்கும் நாலாவதுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து முன்னால் ஒரு குழாய், பின்னால் ஒரு குழாய். காற்று வளைவில் சுலபமாகத் திரும்பிவிடும். அதில் மிதந்துவருகிற பெட்ரோல் துளி கனம், அது திரும்பாது. குழாய்ச் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். முதல் சிலிண்டருக்கும் ஆறாவது சிலிண்டருக்கும் போய்ச் சேரும்போது காற்று இருக்கும், பெட்ரோல் போதாது.

மதுரைக்காரர்களுக்கு இதை ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். கடைமடை. 1895இல் பெரியாறு தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பியதிலிருந்து பேரணையில் பிரிகிற கால்வாய் கள்ளந்திரி வரை இருபோகம் கொடுக்கிறது, அதைத் தாண்டி மேலூர்ப் பக்கம் ஒருபோகம்தான். மடை திறக்கிற அன்றைக்கு எல்லோரும் மலர் தூவிப் படம் எடுத்துக்கொள்வார்கள். கடைமடை விவசாயி பத்து நாள் கழித்து, வெறும் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். தண்ணீர் இல்லாமல் இல்லை, இருக்கிறது, வந்து சேரவில்லை, அவ்வளவுதான். ஆறு சிலிண்டர் எஞ்சினின் முதலாவதும் ஆறாவதும் அந்த மேலூர் விவசாயிகள்.

பொதுப்பணித்துறை என்ன செய்யுமோ அதையேதான் எஞ்சின்காரர்களும் முதலில் செய்தார்கள். ஜெட்டைப் பெரிசாக்கினார்கள். கடைமடைக்கு எட்டணும்னா தலைமடை மூழ்கணும். ஓரத்துச் சிலிண்டர்கள் பசியாறுவதற்காக நடுச் சிலிண்டர்கள் பெட்ரோலில் ஊறின. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நடுவில் உள்ளவை கரிபிடித்துக் கருப்பாக இருக்கும், ஓரத்தில் உள்ளவை வெளுத்திருக்கும். காபிப்பொடி நிறத்தில் இருந்தால் கலவை சரி என்று அர்த்தம். ஒரே எஞ்சினில் மூன்று நிறமும் இருந்தால், அந்த எஞ்சின் தனக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டு ஓடுகிறது என்று அர்த்தம்.

இரண்டாவது வழி குழாயைச் சூடாக்குவது. புகைபோகும் குழாயை அடியில் வைத்து, அதன் சூட்டில் மேல்குழாயின் பெட்ரோலை ஆவியாக்குவது. குளிர்தேசத்தில் இது அருமையான யோசனை. சித்திரை மாசத்து மதுரையில் பெட்ரோல் பம்புக்குள்ளேயே ஆவியாகி வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். டிரைவர்கள் ஈரத்துணியைப் பம்பின் மேல் சுற்றிவைப்பார்கள். காய்ச்சல்காரனுக்குப் பத்துப் போடுகிற மாதிரிதான்.

மூன்றாவது வழிதான் இரட்டை கார்புரேட்டர். அதாவது இரண்டு தலைமடை.

*

இதில் ஒரு அழகான கணக்கு ஒளிந்திருக்கிறது. ஆறு சிலிண்டர்களும் வரிசைப்படி வெடிப்பதில்லை. 1-5-3-6-2-4 என்ற ஒழுங்கில் வெடிக்கின்றன. 1, 2, 3 முன்பாதி, 4, 5, 6 பின்பாதி என்று பிரித்துப் பாருங்கள். முன், பின், முன், பின், முன், பின். ஒரு தடவைகூடத் தவறாமல் மாறி மாறி வருகிறது. முன்பாதிக்கு ஒரு கார்புரேட்டர், பின்பாதிக்கு ஒன்று என்று கொடுத்தால், ஒன்று ஊட்டும்போது மற்றது மூச்சு வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் சமமான இடைவெளி. எஞ்சின் அதிராமல் ஓடுவதற்காக வைத்த ஒழுங்கு இது. இரண்டு வாய்க்கு இது இவ்வளவு பொருந்தும் என்பது கூடுதல் கொடுப்பினை. ஆறு சிலிண்டர் வரிசை எஞ்சினைப் பாதியாகப் பிளந்தால் மூன்று சிலிண்டர் எஞ்சின் இரண்டு கிடைக்கிறது. இரட்டை கார்புரேட்டர் என்பது அந்த இரண்டு எஞ்சின்களையும் ஒரே தண்டில் கட்டி ஓட்டுவது.

இதை எல்லோருக்கும் முன்னால் ஹட்சன்தான் கண்டுபிடித்தது என்று நினைத்துவிட வேண்டாம். 1941இலேயே ப்யூக் தன் எட்டுச் சிலிண்டர் கார்களில் இரண்டு கார்புரேட்டர் வைத்தது. அதில் இரண்டாவது, டிரைவர் நன்றாக அழுத்தி மிதித்தால் மட்டுமே திறக்கும். யுத்தம் முடிந்த பிறகு அமெரிக்க இளைஞர்கள் அப்பாவின் பழைய செவர்லேயை எடுத்து, எட்மண்ட்ஸ், ஃபென்டன், ஆஃபென்ஹவுசர் மாதிரியான சின்னக் கம்பெனிகள் வார்த்துக் கொடுத்த இரட்டை மேனிஃபோல்டுகளைப் போட்டு ராத்திரியில் ஓட்டினார்கள். 1953இல் செவர்லே கம்பெனியே தன் முதல் கார்வெட்டில் அதே குடும்பத்து ஆறு சிலிண்டர் எஞ்சினை வைத்து, மூன்று கார்புரேட்டர் பொருத்தி, 150 குதிரைத்திறன் எடுத்தது. கடைசியில் இரண்டு சிலிண்டருக்கு ஒரு மடை என்று ஆயிற்று.

*

மதுரைக்கு வருவோம். மதுரையின் மோட்டார் வரலாறு என்றாலே திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்காரிடம் போய்த்தான் நிற்கும். 1912இல் பஸ் ஓட்ட ஆரம்பித்தவர். வண்டி ஓட்டுவது, வண்டி விற்பது, வண்டி பழுது பார்ப்பது என்று மேற்கு வெளிவீதியிலிருந்து ஒரு சாம்ராஜ்யம் வளர்ந்தது. டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வோம் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மதுரையில் அந்தப் பேச்சைக் கேட்காத வீடு குறைவு.

1928இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாய் சிவ்ரியில் வண்டி பூட்டும் ஆலையைத் திறந்தது. இந்தியாவின் முதல் கார் ஆலை அதுதான். அதே வருஷக் கடைசியில் அமெரிக்காவில் செவர்லே தன் புது ஆறு சிலிண்டர் எஞ்சினை அறிவித்தது, நாலு சிலிண்டர் விலைக்கு ஆறு சிலிண்டர் என்பது விளம்பரம். 194 கன அங்குலம், 46 குதிரைத்திறன். இன்றைய கணக்கில் அதைவிடச் சக்தியான எஞ்சின் ஒரு லிட்டருக்குள்ளேயே கிடைக்கும். ஆனால் அது சாகாத எஞ்சின். தலை தட்டையான ஆணிகளைப் பார்த்து அமெரிக்கர்கள் ‘அடுப்பு ஆணி’ என்று கேலிப் பெயர் வைத்தார்கள். 1937இல் அது 216 கன அங்குலமாக, 85 குதிரைத்திறனாக வளர்ந்தது. கார், லாரி, பஸ் எல்லாவற்றுக்கும் ஒரே எஞ்சின். தமிழ்நாட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்றவர்களில் பெரிய கை டி.வி.எஸ். குடும்பத்து நிறுவனங்கள். 1950களில் சுந்தரம் மோட்டார்ஸ் அந்தக் கம்பெனியின் மிகப்பெரிய விநியோகஸ்தர்களில் ஒன்றாக இருந்தது.

அந்த எஞ்சினுக்கு அமெரிக்காவில் இரண்டாவது வாய் கிடைத்தது வேகத்துக்காக. இந்தப் பக்கத்து வண்டிகளுக்கு இரண்டாவது வாய் கிடைத்த கதை வேறு. அது பஞ்சத்தில் முளைத்த வாய்.

1941இல் இந்தியாவில் பெட்ரோல் ரேஷன் வந்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். நம்மூருக்கு எண்ணெய் கொடுத்துக்கொண்டிருந்த பர்மாவின் கிணறுகளை, எதிரி கையில் சிக்கக்கூடாது என்று ஆங்கிலேயரே அழித்துவிட்டுப் பின்வாங்கினார்கள். பஸ் இருக்கிறது, டிரைவர் இருக்கிறார், சந்தைக்குப் போக வேண்டிய ஜனம் நிற்கிறது, பெட்ரோல் இல்லை. அப்போது வந்ததுதான் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட். வண்டியோடு ஒரு இரும்பு உலை. அதற்குள் மரக்கரி. போதாத காற்றில் கரியை எரித்தால் அது முழுசாக எரியாமல் கார்பன் மோனாக்சைடாக வெளியே வரும். அதைக் குளிரவைத்து, வடிகட்டி, காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் விட்டால் எரியும். ஐரோப்பாவிலும் அப்போது லட்சக்கணக்கான வண்டிகள் விறகிலும் கரியிலும்தான் ஓடின. வீட்டில் புகுந்தால் ஆளைக் கொல்கிற வாயு, ரோட்டில் பஸ்ஸை இழுத்தது.

இங்கேதான் நம் விஷயம் வருகிறது. கரிவாயு வண்டியைப் பொதுவாகக் கரிவாயுவிலேயே ஸ்டார்ட் பண்ணுவது கஷ்டம். கை விசிறியைச் சுற்றி உலையைக் கனியவைக்க வேண்டும், அல்லது கொஞ்சம் பெட்ரோலில் எஞ்சினை எழுப்பிவிட்டு வாயுவுக்கு மாற்ற வேண்டும். ஆகவே பழைய கார்புரேட்டரைக் கழற்றாமல், பக்கத்திலேயே வாயுவையும் காற்றையும் கலக்கிற இன்னொரு வாயை வைப்பார்கள். நடுவில் ஒரு மாற்றுத் தகடு. ஒரே எஞ்சினுக்கு இரண்டு கலப்பான்கள். ஹட்சன் பந்தயத்தில் ஜெயிப்பதற்குப் பத்து வருஷம் முன்னால் நம்மூர் ரோட்டில் ஓடிய இரட்டை ஏற்பாடு இது.

கணக்கில் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 15. கரிவாயுவுக்கோ, கன அளவில் ஒரு பங்குக்கு ஏறக்குறைய ஒரு பங்கு காற்றுதான். சிலிண்டருக்குள் பாதி இடத்தை அந்தப் பலவீனமான வாயுவே அடைத்துக்கொள்ளும். அதிலும் பெரும்பகுதி எரியாத நைட்ரஜன். அதனால் எஞ்சினின் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும், சில நேரம் பாதியே போய்விடும். ஏற்றத்தில் ஜனம் இறங்கித் தள்ளிய கதைகள் இதனால்தான். கரித்தூள் வடிகட்டியைத் தாண்டி உள்ளே போனால் சிலிண்டரைத் தேய்க்கும். ராத்திரி வண்டி நின்ற பிறகு கிளீனர் சாம்பல் வாரணும், காலையில் எல்லோருக்கும் முந்தி எழுந்து உலை மூட்டணும். யுத்தகாலப் போக்குவரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் கம்பெனியின் பெயரை எழுதுவார்கள், எழுத வேண்டியதுதான். சாம்பல் வாரினவன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. வரலாற்றுக்கும் ஒரு கடைமடை இருக்கிறது.

*

சரி, நிஜமாகவே ஒரு பழைய செவர்லேக்கு இரட்டை கார்புரேட்டர் போடுவது எப்படி? வைகையின் வடகரையில், தர்காவுக்குப் பின்னால் போகிற சந்து ஒன்றில் இந்த வேலையை ஒருதடவை பக்கத்திலிருந்து பார்த்தேன். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுகிற 216 எஞ்சின் வண்டி. மெக்கானிக்கை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே.

“அமெரிக்கா மேனிஃபோல்டு கேட்டா வண்டி விலைய சொல்லுவாங்க தம்பி. நம்ம குழாய வெட்டி ஒட்டிக்கிற வேண்டியதுதான்” என்றார்.

செவர்லேயில் இன்னொரு சிக்கல். ஆறு சிலிண்டருக்கு ஆறு வாசல் கிடையாது, மூன்றுதான். ஒன்றும் இரண்டும் ஒரு வாசலில், மூன்றும் நாலும் ஒரு வாசலில், ஐந்தும் ஆறும் ஒரு வாசலில். முன்பாதி பின்பாதி என்று சுத்தமாகப் பிரிக்க முடியாதபடி நடுவாசல் பொதுவாக இருக்கிறது. ஆகவே இரண்டு கார்புரேட்டரையும் ஒரே நீளக் குழாயின் மேல், வாசல்களுக்கு இடைப்பட்ட இடங்களில் வைக்க வேண்டும். ஒன்றில் குறைந்தால் மற்றதிலிருந்து ஓடிவர ஒரு வழி வேண்டும். பாய் இதைப் படம் போட்டுக் காட்டவில்லை. “அண்ணன் தம்பி ரெண்டு வீட்டுக்கு நடுவுல ஒரு கதவு. சாத்தியே இருந்தாலும் பூட்டு போடக்கூடாது” என்றார்.

அடுத்தது அளவு. பலரும் சறுக்குகிற இடம் இதுதான். பழைய கார்புரேட்டர் மாதிரியே பெரிசாக இன்னொன்றை வைத்தால் வண்டி இன்னும் மந்தமாகும். ஒவ்வொரு தொண்டை வழியாகவும் பாதிக் காற்றுதான் போகும். காற்றின் வேகம் குறைந்தால் ஜெட்டிலிருந்து பெட்ரோல் ஏறாது. அதனால் சின்னத் தொண்டை இரண்டு வேண்டும். 216 கன அங்குலம் என்பது சுமார் மூன்றரை லிட்டர். அதில் பாதி ஒன்றேமுக்கால் லிட்டர். அம்பாசிடர் ஒன்றரை லிட்டர். எனவே அம்பாசிடரின் தலையில் உட்கார்ந்திருந்த ஸோலெக்ஸ் வகையில் இரண்டைத் தேடிப்பிடித்து, ஜெட்டைக் கொஞ்சம் மாற்றினால் கணக்கு ஏறக்குறைய நேராகிவிடும். டெட்ராய்ட் எஞ்சினுக்கு அம்பாசிடர் நுரையீரல். பாய் கணக்குப் போட்டு வந்ததில்லை இது, கைப்பழக்கத்தில் வந்தது. வீட்டுக்கு வந்து நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

மாட்டுவது அரைநாள் வேலை. ஒத்துப்போக வைப்பதுதான் பெரிய வேலை. இரண்டு பட்டாம்பூச்சித் தகடுகளும் ஒரே கணத்தில், ஒரே அளவு திறக்க வேண்டும். ஒன்று மயிரிழை முந்தினாலும் பாதி எஞ்சின் இழுக்கும், பாதி எஞ்சின் இழுபடும். இதற்கு மேல்நாட்டில் கருவி விற்கிறார்கள். பாயிடம் இருந்தது ஒரு முழ ரப்பர் டியூப். ஒரு நுனியைக் கார்புரேட்டரின் வாயில் வைப்பார், மறு நுனியைக் காதில். ‘உஸ்ஸ்’ என்று காற்று உறிஞ்சும் சத்தம். பிறகு அடுத்ததன் வாயில். திருகாணியைக் கால் சுற்று. மறுபடி முதலாவது. ஒரு மணி நேரம் இதே. சந்தில் ஆட்டோ ஹாரன், தூரத்தில் பாலத்து இரைச்சல், பள்ளிவாசல் பாங்கு. அத்தனைக்கும் நடுவில் அவர் இரண்டு உஸ்ஸுகளுக்கு இடையேயான வித்தியாசத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இப்ப ரெண்டும் ஒரே சுருதி” என்று டியூபை என் காதில் வைத்தார். எனக்கு முன்னாலும் ஒன்றுதான் கேட்டது, இப்போதும் ஒன்றுதான் கேட்டது.

வண்டிக்காரரிடம் அவர் சொன்ன எச்சரிக்கைதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. “நல்லா இழுக்குதுன்னு மிதிச்சிராதீங்கண்ணே. மேல ரெண்டு வாய் வச்சுட்டோம், கீழ எலும்பு பழசு.” அதன் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 216 எஞ்சினின் பேரிங்குகள் வெள்ளை உலோகத்தை உருக்கி ஊற்றிச் செய்தவை. கனெக்டிங் ராடுகள் கீழே தொட்டியில் இருக்கிற ஆயிலைக் கரண்டி மாதிரி மொண்டு தெளித்துக்கொள்ளும். மெதுவாக ஓடும்வரை அது போதும், வேகம் கூடினால் தாங்காது. பம்பு அழுத்தத்தில் எல்லா பேரிங்குக்கும் ஆயில் கொண்டுபோகிற முறை அந்தக் குடும்பத்துக்கு 1953-54இல்தான் வந்தது. அதிகமாக ஊட்டுவது சுலபம், ஊட்டினதைத் தாங்குகிற உடம்பு வேண்டும்.

*

அந்த ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் நம் ரோட்டிலிருந்து எப்படிப் போனது? 1954இல் ஜெனரல் மோட்டார்ஸ் சிவ்ரி ஆலையை மூடியது. அதே வருஷம் டாட்டா, மெர்சிடிஸ் பென்ஸோடு சேர்ந்து டீசல் லாரி செய்ய ஆரம்பித்தது. சென்னையில் சிம்ப்சன் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களைச் செய்தது. பழைய அமெரிக்க லாரிகளின் வயிற்றைக் கிழித்து பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு, ஆறு சிலிண்டர் பெர்கின்ஸை வைத்துத் தைத்தார்கள். டீசலுக்கு கார்புரேட்டரே கிடையாது, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பம்பு அளந்து கொடுத்துவிடும். இரட்டை கார்புரேட்டர் பிறகு கொஞ்ச காலம் சோழவரம் பந்தயத்தில் ஃபியட்டின் மேலும் ஹெரால்டின் மேலும் உயிர்வாழ்ந்தது. 1972இல் மதுரை பஸ்கள் பாண்டியன் போக்குவரத்துக் கழகமாயின. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபோது பெரும்பாலான புது பைக்குகளிலிருந்தும் கார்புரேட்டர் விடைபெற்றது. இன்று ஒவ்வொரு சிலிண்டருக்கும் தன் சொந்த மடை, கம்ப்யூட்டர் திறந்து மூடுகிறது. எஞ்சினுக்குள் கடைமடைப் பிரச்சினை தீர்ந்துவிட்டது.

இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. புகை குறைந்திருக்கிறது, பெட்ரோல் மிச்சமாகிறது. நான் ஓட்டுகிற வண்டியிலும் கார்புரேட்டர் இல்லை, அதற்காக நான் ஏங்குவதும் இல்லை. கேள்வி வேறு. அந்த ரப்பர் டியூபுக்கு மறுமுனையில் ஒரு காது இருந்தது. சமமாகப் போய்ச் சேருகிறதா என்று நாளெல்லாம் கேட்டுப் பழகிய காது. கம்பெனிகளின் வரலாறு மலர்களாக வந்திருக்கிறது, எஞ்சின்களின் வரலாறு அருங்காட்சியகத்தில் துடைத்து நிற்கிறது. அந்தக் காதின் வரலாற்றை யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதக்கூடியவர்கள் இன்னும் கொஞ்சப் பேர் சிம்மக்கல்லிலும் கோரிப்பாளையத்திலும் கடை திறந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஊரில் மெக்கானிக் தாத்தா யாராவது இருந்தால் போய்ப் பேசுங்கள், சொல்லுவதை எழுதி வையுங்கள்.